மக்காவ் முதல் தடவை போறவங்களுக்கு: முதல்ல பேப்பர், அப்புறம் காசு, பஸ், கடைசியா தான் கேசினோ

மக்காவ் போகணும்னு நெட்ல தேட ஆரம்பிச்சா ரெண்டு வகை விஷயம் தான் கண்ணுல படும். ஒண்ணு "விசாவே வேணாம் மச்சி, பையைத் தூக்கு கிளம்பு"ன்னு குதிக்கிற வீடியோ. இன்னொண்ணு ஹாங்காங்லயே குடியிருக்கிறவங்க எழுதினது, அவங்களுக்கு நம்ம பாஸ்போர்ட் படுற பாடு தெரியாது. சென்னைலேர்ந்து கிளம்புற ஒரு ஆளுக்கு எந்த பேப்பர் எப்ப வேணும், எந்த காசை கையில வெச்சுக்கணும், எந்த பஸ்ல தப்பித்தவறி கூட ஏறக்கூடாதுங்கிறது ஒரே இடத்துல எங்கயும் இல்ல, அங்கங்க கேட்டு அலைஞ்சு தான் சேர்க்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேணாம்னு தான் இது.

ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். மக்காவ் உங்களை பெருசா ஒண்ணும் கேக்காது. தலைவலி பூரா போற வழில இருக்கிற ஹாங்காங்ல தான்.

1. உங்க பாஸ்போர்ட் எந்த நாடு, அதைப் பார்த்துட்டு மேல படிங்க

இந்திய பாஸ்போர்ட்னா மக்காவுக்கு 30 நாள் வரைக்கும் விசா வேணாம், போய் இறங்கினா போதும். மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வெச்சிருக்கிற நம்மாளுங்களுக்கு ஹாங்காங், மக்காவ் ரெண்டுக்குமே விசா இல்ல, நீங்க நேரா மூணாவது ஸ்டெப்புக்கு போயிடலாம்.

இலங்கை பாஸ்போர்ட்காரங்க மட்டும் நல்லா கவனிங்க. இறங்கின இடத்துல விசா வாங்கிக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, இலங்கை, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், நைஜீரியா, வியட்நாம் பாஸ்போர்ட்டுக்கெல்லாம் முன்கூட்டியே விசா எடுத்திருக்கணும்னு மக்காவ்ல தனி விதி இருக்கு. ஹாங்காங்குக்கும் இலங்கைக்காரங்களுக்கு தனியா விசா வேணும். ஆக ரெண்டு அப்ளிகேஷன், அதுக்கு ஏத்த மாதிரி நாள் ஒதுக்கிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்க.

எல்லாருக்கும் பொதுவா: பாஸ்போர்ட்ல குறைஞ்சது ஆறு மாசம் பாக்கி இருக்கட்டும். திரும்பி வர்ற டிக்கெட், ஓட்டல் புக்கிங் ரெண்டையும் பிரிண்ட் எடுத்துக்கோங்க. மக்காவ் இமிகிரேஷன்ல கேக்காம விடலாம், ஆனா சென்னை ஏர்போர்ட்ல செக்-இன் கவுண்டர்லயும் நம்ம இமிகிரேஷன்லயும் கேப்பாங்க. "மக்காவா? எதுக்கு?"ன்னு ஒரு மாதிரி பார்த்தா, டூரிஸ்ட்னு சொல்லிட்டு பேப்பரை நீட்டிடுங்க, கதை சொல்ல வேணாம்.

2. ஹாங்காங் ரெஜிஸ்ட்ரேஷன் (இதை விட்டா பிளைட்லயே ஏத்தமாட்டாங்க)

ஹாங்காங்குக்கு இந்தியர்களுக்கு 14 நாள் விசா ஃப்ரீ தான், ஆனா 2017 ஜனவரிலேர்ந்து ஆன்லைன்ல ப்ரீ அரைவல் ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணியாகணும். "விசா ஃப்ரீ"ங்கிற வார்த்தையைக் கேட்டுட்டு இது தெரியாம ஏர்போர்ட் வந்து கவுண்டர் முன்னாடி போன்ல டைப் பண்ணிட்டு நிக்கிறவங்களை இப்பவும் பார்க்கலாம்.

எப்படிப் பண்றது:

ஹாங்காங் அரசாங்கத்தோட சொந்த சைட்ல மட்டும் போடுங்க, பைசா செலவில்ல. தேடும்போது மேல வர்ற விளம்பர சைட்டுங்க அரசாங்க சைட் மாதிரியே சின்னம் கொடி எல்லாம் போட்டு கட்டணம் கேக்கும், அதெல்லாம் ஏஜென்ட். காசு கேட்டாலே அது தப்பான இடம்னு வெச்சுக்கோங்க.

ஃபார்ம் நிரப்பி அனுப்பினா ரிசல்ட் பெரும்பாலும் அப்பவே ஸ்கிரீன்ல வந்துடும். பாஸ் ஆனா ஒரு ஸ்லிப் வரும், அதை வெள்ளை ஏ4 பேப்பர்ல பிரிண்ட் எடுத்து கையில வெச்சுக்கணும். ஆறு மாசம் செல்லும், அதுக்குள்ள எத்தனை தடவை வேணா போய் வரலாம், ஒவ்வொரு தடவையும் 14 நாள். குழந்தைக்கும் தனி ரெஜிஸ்ட்ரேஷன் வேணும், அப்பா அம்மா ஸ்லிப்ல சேராது. நடுவுல பாஸ்போர்ட் புதுப்பிச்சீங்கன்னா பழைய ஸ்லிப் செல்லாது, திரும்பப் போடணும்.

இப்ப நம்ம ஊர் ஸ்பெஷல் பிரச்சனைக்கு வர்றேன், பேர். பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா இருக்கிறவங்க தமிழ்நாட்டுல ஏராளம், சிலருக்கு அப்பா பேர் சர்நேமா இருக்கும், சிலருக்கு இனிஷியல் மட்டும் இருக்கும். ஃபார்ம்ல பாஸ்போர்ட்ல என்ன இருக்கோ எழுத்து மாறாம அதையே அடிங்க, ஆதார்ல எப்படி இருக்கு, டிக்கெட்ல எப்படி இருக்குன்னு பார்த்து அட்ஜஸ்ட் பண்ணாதீங்க. டிக்கெட்ல ஏர்லைன் சிஸ்டம் சர்நேம் கட்டாயம்னு அடம் பிடிச்சா ஒவ்வொரு ஏர்லைனுக்கும் ஒரு வழி இருக்கு (சிலது பேரையே ரெண்டு தடவை போடச் சொல்லும், சிலது எஃப்என்யூன்னு, அதாவது "ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்"னு, போடச் சொல்லும்), அவங்க கஸ்டமர் கேர்ல கேட்டு அதன்படி போடுங்க. ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்லிப்பும் பாஸ்போர்ட்டும் மட்டும் அச்சு அசலா பொருந்தணும்.

ரெஜிஸ்ட்ரேஷன் ரிஜெக்ட் ஆச்சுன்னா ஹாங்காங் இமிகிரேஷன் துறைக்கு நேரடியா விசா அப்ளை பண்ணணும், அது வாரக் கணக்குல இழுக்கும். அதனால தான் சொல்றேன், பிளைட் டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே இதை முடிங்க. ஃப்ரீ தானே, என்ன நஷ்டம்.

ஹாங்காங் ஏர்போர்ட்டை விட்டு வெளியவே வராம அங்கேர்ந்தே மக்காவ் போற டிரான்ஸ்ஃபர் வசதியும் இருக்கு. "நாங்க அப்படித் தான் போறோம், அதனால ரெஜிஸ்ட்ரேஷன் வேணாமே"ன்னு சிலர் கணக்குப் போடுவாங்க. பிளைட் லேட் ஆகி கடைசி டிரான்ஸ்ஃபர் போயிடுச்சுன்னா ராத்திரி பூரா ஏர்போர்ட் சேர்ல தான். எடுத்து வெச்சுக்கோங்க.

3. தேதி: இதுல தான் பாதி காசு மிச்சம்

மக்காவ்ல ஓட்டல் ரேட் நாளுக்கு நாள் மாறும். ஞாயிறு ராத்திரிலேர்ந்து வியாழன் வரைக்கும் ஒரு விலை, வெள்ளி சனி அதே ரூம் ரெண்டு மடங்கு ஆகும், சில நேரம் அதுக்கும் மேல. சீன லீவு நாளுங்க வந்தா பேசவே வேணாம், சீனப் புத்தாண்டு, மே 1 ஒட்டின நாளுங்க, அக்டோபர் 1லேர்ந்து 7 வரைக்கும், இந்த மூணுலயும் போகாதீங்க. ரூம் கிடைச்சாலும் பழைய ஊர்ல இருக்கிற செனாடோ சதுக்கத்துல கால் வைக்க இடம் இருக்காது. நவம்பர்ல கார் ரேஸ், மக்காவ் கிராண்ட் ப்ரீ, ஊர் ரோடுலயே நடக்கும், அந்த வாரம் பாதி ரூட் மாறிடும்.

வானிலைக்கு அக்டோபர் நடுவுலேர்ந்து டிசம்பர் வரைக்கும் தான் சுகம். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் நம்ம சென்னை மே மாசத்தோட மழையும் புயலும் சேர்ந்தது. டைஃபூன் எச்சரிக்கை 8ம் நம்பர் ஏறினா ஃபெர்ரி நின்னுடும், ஹாங்காங்லேர்ந்து மக்காவ் வர்ற கடல் பாலத்தை மூடவும் வாய்ப்பிருக்கு. 2018ல மாங்குட் புயல் வந்தப்ப கேசினோவையே மூடினாங்க, ராத்திரி பகல் எப்பவும் திறந்திருக்கிற ஊர்ல. அந்த சீசன்ல போறதா இருந்தா மக்காவை டிரிப்போட கடைசில வெக்காதீங்க, ரிட்டர்ன் பிளைட்டுக்கு முன்னாடி ஒரு நாளாவது இடைவெளி விடுங்க.

எத்தனை நாள் போதும்? ரெண்டு ராத்திரி. ஒரே நாள்ல ஹாங்காங்லேர்ந்து போய்ட்டு வர்றவங்க இருக்காங்க, முடியும் தான், ஆனா ராத்திரி வெளிச்சம் தான் இந்த ஊரோட முகமே, அதைப் பார்க்காம திரும்பற பஸ்ஸுக்கு ஓடுறது வீண்.

4. டிக்கெட்: ரெண்டு வழி

முதல் வழி சென்னை டு ஹாங்காங் நேரடி பிளைட், சுமார் ஆறு மணி நேரம், அங்கேர்ந்து தரை வழியாவோ கடல் வழியாவோ மக்காவ். ஹாங்காங்கும் பார்க்கணும்னா இதான் சரி.

ரெண்டாவது வழி நிறைய பேருக்குத் தெரியாது. மக்காவுக்கே சொந்தமா ஏர்போர்ட் இருக்கு, கோலாலம்பூர், பாங்காக், சிங்கப்பூர்லேர்ந்து பட்ஜெட் ஏர்லைன்ஸ் நேரா போகுது. ஹாங்காங் பக்கமே போகாததால ரெண்டாவது ஸ்டெப் உங்களுக்கு கிடையாது. இறங்கின இடத்துலேர்ந்து பெரிய ஓட்டல் இருக்கிற கோட்டாய் பத்து நிமிஷம் தான்.

இதுல இருக்கிற குழி என்னன்னா, ரெண்டு டிக்கெட் தனித்தனியா போட்டீங்கன்னா நடுவுல உள்ள நாட்டுல இமிகிரேஷன் தாண்டி லக்கேஜ் எடுத்து திரும்ப செக்-இன் பண்ணணும். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் அவங்கவங்க டிஜிட்டல் அரைவல் கார்டு ஆன்லைன்ல நிரப்பணும், விசா ஃப்ரீ சலுகை அந்த தேதில இருக்கான்னு பார்த்துக்கணும். சிங்கப்பூர்ல விசா இல்லாம வெளிய வர முடியாது, அதனால அந்த வழின்னா ஒரே புக்கிங்ல கனெக்ட் பண்ணினது தான் போடணும். ரெண்டு பிளைட்டுக்கும் நடுவுல குறைஞ்சது நாலு மணி நேரம் விடுங்க, முதல் பிளைட் லேட் ஆனா ரெண்டாவது ஏர்லைன் உங்களுக்கு ஒரு பதிலும் சொல்லாது.

5. ஹாங்காங்லேர்ந்து மக்காவ்: பஸ்ஸா கப்பலா

பாலம் 2018 அக்டோபர்ல திறந்தது, ஹாங்காங், ஜுஹாய், மக்காவ் மூணையும் சேர்த்து 55 கிலோமீட்டர். கோல்டு பஸ்னு சொல்றது 24 மணி நேரமும் ஓடுது, பகல்ல டிக்கெட் 65 ஹாங்காங் டாலர், ராத்திரி 70, பாலத்தைத் தாண்ட 40 நிமிஷம் கிட்ட ஆகும். ரிசர்வேஷன் எல்லாம் பெரும்பாலும் தேவைப்படாது, போய் டிக்கெட் எடுத்து ஏற வேண்டியது தான்.

அந்த பஸ் கிளம்புற இடம் ஹாங்காங் நகரத்துக்குள்ள இல்ல, ஏர்போர்ட் பக்கத்துல இருக்கிற பாலம் போர்ட் கட்டடம். ஏர்போர்ட்லேர்ந்து பி4, டுங் சுங் ஸ்டேஷன்லேர்ந்து பி6, சன்னி பே ஸ்டேஷன்லேர்ந்து பி5, இந்த மூணுல உங்களுக்கு எது பக்கமோ அது. நகரத்துலேர்ந்து வர்றீங்கன்னா இதுக்கே ஒரு மணி நேரம் போடுங்க.

கவனம்: அதே கட்டடத்துல ஜுஹாய் போற பஸ்ஸும் நிக்கும். ஜுஹாய் சீனா. டிக்கெட் எடுக்கும்போதே "மக்காவ்"னு சத்தமா சொல்லுங்க, கையில வந்த டிக்கெட்லயும் பாருங்க, வரிசைல நிக்கும்போது போர்டையும் பாருங்க. சீன விசா இல்லாம அந்தப் பக்கம் போனா திருப்பி அனுப்புவாங்க, உங்க நாள் போச்சு. பாலத்து மேல போகும்போதே போன் சீன டவரைப் பிடிச்சுக்கும், உங்க ரோமிங் பேக்ல சீனா இல்லன்னா பில் ஏறும், டேட்டாவை அணைச்சு வைங்க. சிம் வாங்கும்போதே ஹாங்காங் மக்காவ் ரெண்டும் சேர்ந்த இ-சிம்மா பார்த்து வாங்கினா நல்லது.

ஃபெர்ரி ஒரு மணி நேரம், விலை சுமார் 200 ஹாங்காங் டாலர், ராத்திரிலயும் வார இறுதிலயும் இன்னும் ஜாஸ்தி. பஸ்ஸை விட மூணு மடங்கு. ஆனா ஷியுங் வான், சிம் ஷா சுய்னு ஊர் நடுவுலேர்ந்தே கிளம்பும், அந்தப் பக்கம் தங்கியிருந்தா இது தான் வசதி. மக்காவ்ல ரெண்டு ஃபெர்ரி டெர்மினல் இருக்கு, கோட்டாய் ஓட்டல்னா தைப்பா, பழைய ஊர்ப் பக்கம்னா அவுட்டர் ஹார்பர், மாத்தி இறங்கிட்டா ஊரைச் சுத்தி வரணும். பெரிய பெட்டி இருந்தா தனி காசு கேக்கலாம். கடல் கொஞ்சம் ஆட்டும், வயித்துக்கு ஒத்துக்காதவங்க பஸ்ஸே எடுங்க.

இமிகிரேஷன்ல ஸ்டாம்ப் குத்துவாங்கன்னு பாஸ்போர்ட்டை விரிச்சு வெச்சுட்டு நிக்காதீங்க. ஹாங்காங்லயும் மக்காவ்லயும் ஸ்டாம்ப் கிடையாது, ஒரு சின்ன துண்டுச் சீட்டு தருவாங்க, எந்த தேதி வரைக்கும் இருக்கலாம்னு அதுல தான் இருக்கும். பஸ் டிக்கெட் மாதிரி இருக்கிறதால குப்பைல போட்டுடுவாங்க நிறைய பேர். ஓட்டல்ல கேக்கலாம், போட்டோ எடுத்துட்டு பாஸ்போர்ட் உள்ள செருகி வைங்க.

6. காசு: ஹாங்காங் டாலர் மட்டும் எடுத்துட்டுப் போங்க

மக்காவோட காசு பேர் படாக்கா. 100 ஹாங்காங் டாலருக்கு 103 படாக்கா, இது ஏறாது இறங்காது, கட்டிப்போட்ட ரேட். ஆனா கடைல ரெண்டையும் ஒண்ணுக்கு ஒண்ணுன்னே வாங்கிப்பாங்க, 100 படாக்கா பொருளுக்கு 100 ஹாங்காங் டாலர். மூணு சதவீதம் நஷ்டம் தான், பரவால்ல, ஏன்னா மாத்திக்கிட்ட படாக்கா ஹாங்காங்ல ஒரு டீ கூட வாங்கித் தராது. கேசினோ டேபிளும் ஹாங்காங் டாலர்ல தான் ஓடுது.

நம்ம கணக்குக்கு ஒரு ஹாங்காங் டாலர் 11, 12 ரூபான்னு வெச்சுக்கோங்க. சென்னைல ஃபாரெக்ஸ் கடைல ஒரு ரெண்டு நாள் முன்னாடியே சொல்லி வைங்க, அமெரிக்க டாலர் மாதிரி எப்பவும் ஸ்டாக் இருக்காது. நோட்டா வெளிய எடுத்துட்டுப் போறதுக்கு ஒரு டிரிப்புக்கு 3000 அமெரிக்க டாலர் மதிப்பு தான் உச்சம், மீதி கார்டுல. மக்காவ் ஏடிஎம்கள்ல படாக்காவா ஹாங்காங் டாலரான்னு கேக்கும், டாலரே அமுக்குங்க.

கார்டு தேய்க்கும்போது மெஷின் "இந்திய ரூபால கட்டறீங்களா?"ன்னு அன்பா கேக்கும். வேணாம்னு சொல்லுங்க. அவங்க போடற ரேட் நம்ம பேங்க் ரேட்டை விட மோசமா இருக்கும்.

கேசினோ வாசல்லயும் ஓட்டல் லாபிலயும் பக்கத்துல வந்து மெதுவா "சேஞ்ச்? சேஞ்ச்?"னு கேக்கிற ஆளுங்களைப் பார்ப்பீங்க. 2024 கடைசிலேர்ந்து இந்த மாதிரி சூதாட்டத்துக்கு கள்ளத்தனமா காசு மாத்தறது அங்க கிரிமினல் குற்றம், கள்ள நோட்டு வேற கைக்கு வரும். கண்ணைப் பார்க்காம நடந்துடுங்க.

7. ஓட்டல்

ரேட் பார்க்கும்போது கீழ சின்ன எழுத்துல 10% சர்வீஸ் சார்ஜ், 5% சுற்றுலா வரின்னு இருக்கும், அதையும் சேர்த்தது தான் நிஜ விலை. வார நாள்ல கோட்டாய் பெரிய ஓட்டல்லயே 1000, 1500 படாக்கா அளவுல ரூம் பிடிக்கலாம், ரூம் சைஸைப் பார்த்தா ஹாங்காங்ல அந்தக் காசுக்கு பாத்ரூம் தான் கிடைக்கும். பழைய ஊர்ப் பக்கம் இன்னும் குறைவு, ஆனா ரூம் பழசு.

செக்-இன் அப்ப டெபாசிட் பிடிப்பாங்க, ஆயிரம் படாக்காவோ அதுக்கு மேலயோ. கிரெடிட் கார்டு கொடுங்க. டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ கொடுத்தா அந்தக் காசு நிஜமாவே முடங்கிடும், திரும்பி வர வாரக் கணக்கு ஆகலாம், டிரிப் நடுவுல கை காலியா நிப்பீங்க. மூணு சதுர பின் பிளக் தான், அடாப்டர் ஊர்லயே வாங்கிட்டுப் போங்க.

8. ஊருக்குள்ள சுத்தறது: முக்கால்வாசி இலவசம்

முதல் தடவை போறவங்க டாக்ஸி வரிசைல போய் நிக்கறாங்க, தேவையே இல்ல. ஃபெர்ரி டெர்மினல், ஏர்போர்ட், பாலம் போர்ட் எங்க இறங்கினாலும் வெளிய பெரிய ஓட்டல் பேர் போட்ட பஸ் வரிசையா நிக்கும். காசு கிடையாது, அந்த ஓட்டல்ல தங்கியிருக்கணும்னும் கட்டாயம் இல்ல. உங்க ஓட்டலுக்கு பக்கத்துல இருக்கிற பெரிய ஓட்டல் பஸ்ல ஏறி இறங்கி நடந்துக்கலாம். அவங்களுக்கு நீங்க கேசினோ வழியா நடந்தா போதும், அதான் கூலி. சில ஓட்டல் பழைய ஊருக்கும் கோட்டாய்க்கும் நடுவுலயும் ஓட்டறாங்க. கடைசி பஸ் நேரம் மட்டும் போர்டுல பார்த்து வைங்க.

டவுன் பஸ் 6 படாக்கா, சில்லறை திருப்பித் தரமாட்டாங்க, நாணயம் சேர்த்து வைங்க. லைட் ரயில் தைப்பா, கோட்டாய்லேர்ந்து பார்ரா வரைக்கும் போகுது, இறங்கினா ஆ-மா கோயில் பக்கம். லைட் ரயில்ல இன்னொரு லைன் ஹெங்ச்சின் ஸ்டேஷனுக்குப் போகுது, அது சீன பார்டர், அங்க உங்களுக்கு வேலை இல்ல.

ஊபர் கிடையாது. டாக்ஸி எடுத்தா டிரைவருக்கு இங்கிலீஷ் வராதுன்னே வெச்சுக்கோங்க, ஓட்டல் பேரை சீன எழுத்துல போன்ல காட்டினா தான் வேலை நடக்கும், ரிசப்ஷன்ல ஒரு கார்டு வாங்கி வைங்க.

கோட்டாய்ல மேப்பை நம்பி "எதிர்ல தானே, அஞ்சு நிமிஷம்"னு கிளம்பாதீங்க. ஒரு ஓட்டல்ல நுழைஞ்சு அந்தப்பக்கம் வெளிய வரதுக்கே கால் மணி நேரம், வழி பூரா கடை, நடுவுல கேசினோ. வழியை அப்படித் தான் கட்டி வெச்சிருக்காங்க. வயசானவங்க கூட வந்தா இதைக் கணக்குல வைங்க.

9. கேசினோ உள்ள

21 வயசு ஆகியிருக்கணும், ஒரிஜினல் பாஸ்போர்ட் கையில இருக்கணும், போட்டோகாப்பி செல்லாது. சின்ன வயசா தெரிஞ்சா நிறுத்திக் கேப்பாங்க. நுழையக் காசு கிடையாது. பெரிய பை இருந்தா வெளிய வெக்கச் சொல்வாங்க, ஆம்பளைங்க செருப்பு, பனியன்ல போனா சில இடத்துல தடுப்பாங்க. உள்ள போட்டோ, வீடியோ கூடவே கூடாது, போனைத் தூக்கினாலே செக்யூரிட்டி வந்துடுவார். குழந்தைங்களோட போறவங்க ரெண்டு குரூப்பா பிரிஞ்சு மாத்தி மாத்தித் தான் பார்க்கணும்.

சினிமால பார்த்த மாதிரி கூத்தும் கும்மாளமும் இருக்கும்னு நினைச்சுப் போனா ஏமாந்துடுவீங்க. கோட் சூட் கிடையாது, கையில கிளாஸ் வெச்சுக்கிட்டு சிரிக்கிற கூட்டம் கிடையாது. ஃபுட்பால் கிரவுண்டு அளவுக்கு ஹால், சென்ட் வாசனை கலந்த ஏசி, அதுல நூத்துக்கணக்குல டேபிள், சாதாரண சட்டைல உக்காந்துட்டு ரிசல்ட்டை பேப்பர்ல குறிச்சுக்கிட்டே ஆடுறாங்க, பரீட்சை ஹால் மாதிரி. சீட்டை ஓரத்துல மெதுவா மடக்கி மடக்கிப் பார்ப்பாங்க, ஊதுவாங்க, திடீர்னு ஒரு டேபிள்ல மட்டும் கத்தல். ட்ராலில வர்றது சாராயம் இல்ல, பால் டீயும் தண்ணியும், அது இலவசம், தாராளமா எடுத்துக்கலாம். சிகரெட் தனி அறைல மட்டும்.

முக்கால்வாசி டேபிள் பாக்கராட்ங்கிற சீட்டாட்டம். பேங்கர், பிளேயர்னு ரெண்டு கை, இல்லன்னா டை (ரெண்டும் சமம்), மூணுல ஒண்ணுல வெக்கணும், அவ்வளவு தான் ஆட்டம், நீங்க மூளையைப் போட ஒண்ணும் இல்ல. பேங்கர்ல கேசினோவுக்கு சாதகம் 1.06 சதவீதம், பிளேயர்ல 1.24, டைல 14 சதவீதத்துக்கும் மேல. எட்டு மடங்கு தர்றாங்களேன்னு டைல வெக்கறது தான் புதுசா வர்றவங்க விழற இடம்.

இதைவிடப் பெரிய விஷயம் மினிமம் பெட், அதாவது ஒரு கைக்கு குறைஞ்சது வெக்க வேண்டிய காசு. டேபிள் மேல போர்டுல போட்டிருக்கும், வார நாள்லயே கோட்டாய்ல 300, 500 ஹாங்காங் டாலருக்கு கம்மியா டேபிள் தேடணும், சனிக்கிழமை ராத்திரி ஆயிரம், ரெண்டாயிரம்னு ஏத்திடுவாங்க. 500 டாலர்னா ஒரு கைக்கு நம்ம ஊர் காசு அஞ்சரை ஆயிரத்துக்கு மேல, ஒரு கை முடிய ஒரு நிமிஷம் ஆகாது. மணிக்கு 60 கைன்னு வைங்க, 30,000 டாலர் சுத்துது, ஒரு சதவீதம் சொச்சம்னாலும் சராசரியா மணிக்கு 350 டாலர் அவங்க பக்கம் போகுது, அதாவது நாலாயிரம் ரூபா. அது சராசரி தான், நிஜத்துல அரை மணில முப்பதாயிரம் ரூபா போனாலும் ஆச்சரியம் இல்ல. சும்மா ஒரு அனுபவத்துக்குன்னா ஸ்கிரீன் வெச்ச மெஷின் டேபிள் இருக்கும், டீலர் நடுவுல, நீங்க ஸ்கிரீன்ல அமுக்கணும், அதுல 50, 100 டாலர்ல ஆடலாம். ஸ்லாட் மெஷின் இன்னும் குறைவு. ஜெயிச்ச காசுக்கு மக்காவ்ல ஆடுறவங்ககிட்ட வரி பிடிக்கறதில்ல.

எவ்வளவு போனா எழுந்துருவீங்களோ அதை நோட்டா தனிக் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, கார்டை ரூம் லாக்கர்ல வைங்க. பழைய ஊர்ல லிஸ்போவா கேசினோ சுத்து வட்டாரத்துல நடந்து பாருங்க, அடுத்தடுத்து நியான் போர்டு மின்னுற அடகுக்கடை, ஷோகேஸ் பூரா தங்கச் செயினும் ரோலக்ஸ் வாட்சும். அந்த வாட்செல்லாம் யாரோ கையில கட்டிட்டு வந்தது தானே. எனக்கு கேசினோவை விட அந்தத் தெரு தான் மனசுல நிக்குது.

10. ஆடாம பார்க்கிறதுக்கு

கோட்டாய் ராத்திரிக்கு, பழைய ஊர் காலைக்கு. மாத்திப் போட்டா ரெண்டும் கெடும்.

வின் பேலஸ் ஓட்டல் முன்னாடி ஏரில மியூசிக் தண்ணி ஷோ, அதுக்கு மேலயே போற கேபிள் கார், ரெண்டும் இலவசம். வெனிஷியன் ஓட்டல் உள்ள கால்வாயும் பெயின்ட் பண்ணின வானமும், எப்பவும் சாயங்காலம் தான் அங்க, படகு ஏறினா தான் காசு. பக்கத்துல பாதி சைஸ் ஈபிள் டவர், எதிர்ல பிக் பென். போலி தான், தெரிஞ்சும் போட்டோ எடுக்காம வரமுடியல. ஹவுஸ் ஆஃப் டான்சிங் வாட்டர் ஷோ 2025 மே மாசம் திரும்ப ஆரம்பிச்சாங்க, விலை ஜாஸ்தி, முன்னாடியே புக் பண்ணணும், ஆனா ஆடித் தோக்கிற காசுக்கு இது மேல்.

பழைய ஊர்ல செனாடோ சதுக்கம், செயின்ட் பால்ஸ் சர்ச் இடிபாடு, ரெண்டும் நடக்கிற தூரம். காலைல ஒன்பது மணிக்கு முன்னாடி போயிடுங்க, பத்தரைக்கு மேல டூர் பஸ் கூட்டம் வந்துடும். மக்காவ் டவர் 338 மீட்டர், அதுல 233 மீட்டர் உயரத்துலேர்ந்து பஞ்சி ஜம்ப் இருக்கு, நான் கீழ நின்னு பார்த்ததோட சரி.

11. சாப்பாடு

அசைவம்னா பிரச்சனையே இல்ல, ஃபுட் கோர்ட்ல 70லேர்ந்து 120 படாக்காக்குள்ள ஒரு வேளை முடிஞ்சிடும். மாட்டுக்கறி, பன்றிக்கறி வேணாம்கிறவங்க ஒவ்வொண்ணுக்கும் கேட்டு வாங்குங்க. சைவம்னா கொஞ்சம் கஷ்டம், காய்கறி ஃப்ரைடு ரைஸ்லயும் கறித் துணுக்கோ மீன் சாஸோ இருக்கும், "மீன் சாஸ், முட்டை, இறைச்சி எதுவும் வேணாம்"னு சீனத்துல ஒரு வரி போன்ல சேவ் பண்ணி வைங்க. வெனிஷியன்ல கோல்டன் பீகாக்னு இந்தியன் ரெஸ்டாரண்ட் இருக்கு, மிஷலின் ஸ்டார் வாங்கினது, பில்லும் அதுக்கு ஏத்த மாதிரி. ரூம்ல கெட்டில் இருக்கும், இன்ஸ்டன்ட் உப்புமா பாக்கெட் நாலு எடுத்துட்டுப் போனா காலை டிபன் செலவு மிச்சம், வெக்கப்படாதீங்க.

எக் டார்ட் சாப்பிடாம வராதீங்க. கொலோவான் கிராமத்துல லார்ட் ஸ்டோஸ் தான் பேர் போனது, 26ஏ பஸ் போகும், அடுப்புலேர்ந்து வந்த சூட்டோட சாப்பிடணும். தைப்பா கிராமத்துல குன்ஹா தெருவுல பாதாம் பிஸ்கட் சாம்பிள் நீட்டுவாங்க, சைவக்காரங்க வாய்ல போடறதுக்கு முன்னாடி கேளுங்க, பன்றிக்கொழுப்பு சேர்த்து செய்றதும் உண்டு.

12. திரும்பும்போது

மீந்த படாக்காவை மக்காவ் எல்லைக்குள்ளயே செலவு பண்ணுங்க இல்ல மாத்துங்க. நோட்டை மாத்தலாம், நாணயத்தை யாரும் வாங்கமாட்டாங்க, கடைசி பஸ்ஸுக்கு அது தான்.

ஹாங்காங் ஏர்போர்ட்ல பிளைட்னா மக்காவ் ஓட்டலை விட்டு அஞ்சு மணி நேரம் முன்னாடி கிளம்புங்க, ரெண்டு இமிகிரேஷன் நடுவுல இருக்கு, ஞாயிறு சாயங்காலம் வரிசை நீளம். ஹாங்காங் ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்லிப்பை முதல் தடவை காட்டினதும் தூக்கிப் போட்டுடாதீங்க, திரும்ப உள்ள நுழையும்போது அதே ஸ்லிப் வேணும். பெரிய தொகை ஜெயிச்சு கையில 1,20,000 படாக்காவுக்கு மேல இருந்தா மக்காவ்ல டிக்ளேர் பண்ணணும், இந்தியால இறங்கும்போது வெளிநாட்டு நோட்டு 5000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினா இங்கயும் டிக்ளேர் பண்ணணும்.

ஊர் வந்து சேர்ந்தப்புறம் ஓட்டல் டெபாசிட் ரிலீஸ் ஆச்சான்னு கார்டு ஸ்டேட்மென்ட்ல பாருங்க. ரெண்டு வாரம் ஆகியும் வரலன்னா பேங்க்ல சொல்லுங்க, அப்ப செக்-அவுட் ரசீதைக் கேப்பாங்க, அதனால அதை அது வரைக்கும் பத்திரமா வைங்க.